நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் பாதுகாப்பான சாலைகளும் பாலங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு சாலையோ பாலமோ கட்டப்படுவதற்கு முன் அதன் வரைபடத்தைப் பார்க்கும் வாய்ப்புப் பெறும் குடிமக்களும், உள்ளாட்சி உறுப்பினர்களும், பொறியியல் மாணவர்களும் திரும்பத் திரும்ப எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கப்படுகிறது.

விபத்துகளுக்குக் காரணம் மனிதர்களின் கவனக்குறைவுதானே? சாலையின் வடிவமைப்பை ஏன் குறை சொல்ல வேண்டும்?

கவனக்குறைவு இருப்பது உண்மை. அது எப்போதும் இருக்கும். ஓட்டுநரின் கவனம் ஒரு நொடி சிதறும், குழந்தை பந்தைத் துரத்திக்கொண்டு சாலைக்குள் ஓடும், வயதானவர் எதிரே வரும் வண்டியின் வேகத்தைத் தவறாகக் கணிப்பார். இந்தப் பிழைகள் நிகழும் என்று தெரிந்தே சாலையை வரைய வேண்டும் என்பதுதான் இன்றைய பாதுகாப்புப் பொறியியலின் அடிப்படை. 1997ஆம் ஆண்டு சுவீடன் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட ‘பூச்சிய இலக்கு’க் கொள்கை இதை வெளிப்படையாகவே சொன்னது: சாலையில் யாரும் உயிரிழக்கவோ கடுமையாகக் காயமடையவோ கூடாது, அந்தப் பொறுப்பு சாலையைப் பயன்படுத்துவோரோடு நின்றுவிடாமல் அதை வடிவமைப்பவரையும் சேர்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகெங்கும் சாலை விபத்துகளில் ஏறத்தாழ 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் இறந்தனர். அவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேற்பட்டோர் நடந்து சென்றவர்கள். ஒரே வளைவில், ஒரே கடவையில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மனிதர்கள் ஆண்டுதோறும் அடிபடுகிறார்கள் என்றால், அத்தனை பேரும் தற்செயலாக அந்த இடத்திலேயே கவனம் தவறினார்கள் என்று சொல்வது விளக்கம் ஆகாது. அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று போய்ப் பார்க்க வேண்டும்.

வேகத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? மணிக்கு 30 கிலோமீட்டருக்கும் 50 கிலோமீட்டருக்கும் அப்படியென்ன பெரிய வேறுபாடு?

கணக்கிட்டுப் பார்த்தால் இந்த வேறுபாடு அச்சமூட்டும். ஆபத்தைக் கண்ட ஓட்டுநர் பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி ஆகிறது என்றும், சாலை உலர்ந்திருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் அந்த ஒன்றரை நொடியில் 12.5 மீட்டர் நகர்கிறது. பிரேக் பிடித்த பின் மேலும் ஐந்து மீட்டரில் நின்றுவிடுகிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், ஓட்டுநரின் கால் பிரேக்கைத் தொடுவதற்குள்ளாகவே ஏறத்தாழ 21 மீட்டர் கடந்துவிடுகிறது. ஆகவே 18 மீட்டர் தொலைவில் ஒரு குழந்தை குறுக்கே வந்தால், முதல் கார் அதைத் தொடாமலே நிற்கும். இரண்டாவது கார் சற்றும் வேகம் குறையாமல் மோதும். இரண்டு ஓட்டுநர்களும் ஒரே அளவு விழிப்போடு இருந்தவர்கள்தாம்.

மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 50இல் மோதும் வண்டியின் ஆற்றல் 30இல் மோதும் வண்டியின் ஆற்றலைப்போல் ஏறத்தாழ 2.8 மடங்கு. சராசரி வேகம் 1 விழுக்காடு கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான வாய்ப்பு ஏறத்தாழ 4 விழுக்காடு கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடுகிறது. நடப்போரும் மிதிவண்டிகளும் மோட்டார் வாகனங்களும் கலந்து செல்லும் இடங்களில் 30 கிலோமீட்டரை உச்ச வேகமாக வைக்கும்படி, சாலைப் பாதுகாப்பு குறித்த 2020ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் பிரகடனம் கேட்டுக்கொண்டதன் பின்னணி இதுதான். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரம் 1992லேயே முதன்மைச் சாலைகள் தவிர மற்றவற்றுக்கு இந்த வரம்பை விதித்துவிட்டது. ஸ்பெயின் 2021 மே மாதத்தில், திசைக்கு ஒரு தடம் மட்டுமே உள்ள நகர்ப்புறச் சாலைகளுக்கு நாடு முழுவதும் விதித்தது.

வேக வரம்புப் பலகை வைத்தால் போதாதா?

போதாது. ஓட்டுநர் பலகையைவிடச் சாலையையே அதிகம் நம்புகிறார். தடம் அகலமாக, நேராக, விளிம்பில் எந்தத் தடையும் இல்லாமல் கண்ணுக்கெட்டும் தூரம் வரை நீண்டு கிடந்தால், அவருடைய கால் தானாகவே ஆக்சிலரேட்டரை அழுத்தும். மூன்றரை மீட்டர் அகலத் தடம் நெடுஞ்சாலைக்கு உரியது. குடியிருப்புகளும் பள்ளிகளும் உள்ள தெருவுக்கு மூன்று மீட்டரே போதும். மிச்சமாகும் அகலம் நடைபாதைக்குப் போகலாம்.

தெருமுனைகளின் வளைவு ஆரம் குறித்துப் பலரும் கேட்பதே இல்லை. ஆனால் வரைபடத்தில் முதலில் பார்க்க வேண்டியவற்றுள் அது ஒன்று. பெரிய ஆரத்தோடு வரையப்பட்ட முனையில் வண்டி வேகம் குறைக்காமலே திரும்பும்; கடக்க வேண்டிய தூரமும் நீளும்; நடப்பவர் தம் முதுகுப் பக்கமிருந்து வரும் வண்டியைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும். எப்போதோ ஒருமுறை வரும் மிகப் பெரிய லாரிக்காக ஒரு முனையை அகலப்படுத்தினால், மற்ற நேரமெல்லாம் ஒவ்வொரு காரும் அங்கே விரைந்து திரும்பும். லாரியின் பின்சக்கரம் மட்டும் ஏறிச் செல்லக்கூடிய, சற்றே உயர்த்திக் கல் பாவிய ஓரப்பட்டை அமைத்தால் இரு தேவைகளும் நிறைவேறும்.

வேகத்தடைகள் பயன்தருபவைதாம், ஆனால் செங்குத்தான குறுகிய மேடுகள் மிதிவண்டியைத் தூக்கி எறியும். தட்டையான மேற்பரப்பும் மென்சரிவும் கொண்ட, ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் உயர மேடையாக அமைத்து, அதன் மேலேயே பாதசாரிக் கடவையை வைப்பது மேலானது. அப்போது நடப்பவர் கீழே இறங்க வேண்டியதில்லை. வண்டிதான் ஏறி இறங்க வேண்டும்.

பாதசாரிக் கடவையை எங்கே, எப்படி அமைப்பது?

மக்கள் ஏற்கெனவே கடக்கும் இடத்தில். இது எளிய விடையாகத் தோன்றினாலும் பெரும்பாலான வரைபடங்களில் மீறப்படுவது இதுவே. பேருந்து நிறுத்தத்திலிருந்து நேரெதிரே உள்ள வாசலுக்குப் போக வேண்டியவரை, 200 மீட்டர் தள்ளிப் போய்க் கடந்து மீண்டும் 200 மீட்டர் நடந்து வா என்று சொல்லும் சாலையை யாரும் மதிக்கப்போவதில்லை. நடுவில் வேலி போட்டால் வேலியைத் தாண்டுவார்கள். அந்தத் தாண்டல் முன்பைவிட ஆபத்தானது.

அடுத்தது, கடக்க வேண்டிய தூரம். நான்கு தடங்களை ஒரே மூச்சில் கடக்கச் சொல்வதைவிட, நடுவே ஒரு திட்டு அமைத்து இரண்டிரண்டாகக் கடக்க விடுவது பாதுகாப்பானது. ஒரு நேரத்தில் ஒரு திசையை மட்டும் பார்த்தால் போதும். அந்தத் திட்டின் அகலம் இரண்டு மீட்டருக்குக் குறையக்கூடாது. ஒரு மிதிவண்டியின் நீளமே ஏறத்தாழ 1.8 மீட்டர், ஒன்றரை மீட்டர் திட்டில் நிற்பவரின் சக்கரமோ, குழந்தை வண்டியோ ஓடும் தடத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும்.

ஒரே திசையில் இரண்டு தடங்கள் உள்ள சாலையில், சிக்னல் இல்லாத கடவை அமைப்பதை நான் ஏற்க மாட்டேன். முதல் தடத்து வண்டி மரியாதையாக நிற்கும். அது நின்றதாலேயே இரண்டாம் தடத்தில் வருபவருக்கு நடப்பவர் தெரியமாட்டார். அங்கே சிக்னலோ, தடங்களைக் குறைப்பதோ கட்டாயம் தேவை.

பார்வை மறைவு இன்னொரு பெரிய காரணம். கடவைக்குச் சற்று முன்பாக நிறுத்தப்பட்ட ஒரு வேன், குழந்தையை முழுமையாக மறைத்துவிடும். அமெரிக்காவின் ஹோபோக்கன் நகரம் தெருமுனைகளை ஒட்டி வண்டி நிறுத்தும் இடங்களை நீக்கி, அங்கே நடைபாதையை நீட்டியும் செடிப் பாத்திகளும் மிதிவண்டி நிறுத்தங்களும் அமைத்தும் பார்வையைத் திறந்துவிட்டது. 2017 முதல் பல ஆண்டுகள் தொடர்ந்து அந்நகரில் சாலை மரணம் நிகழவில்லை. இது ஒன்று மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் இவ்வளவு குறைந்த செலவில் செய்யக்கூடிய வேலை வேறு அதிகம் இல்லை.

சிக்னல் நேரத்தையும் கணக்கிட்டுப் பாருங்கள். நொடிக்கு 1.2 மீட்டர் என்ற நடைவேகத்தை வைத்து நேரம் ஒதுக்குவது நெடுங்கால வழக்கம். 14 மீட்டர் சாலைக்கு அப்படி 12 நொடி கிடைக்கும். நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் முதியவருக்குப் பதினேழரை நொடி வேண்டும். அவர் நடுச்சாலையில் இருக்கும்போதே வண்டிகளுக்குப் பச்சை விழுந்துவிடும். வண்டிகளுக்குப் பச்சை காட்டுவதற்கு 3 முதல் 7 நொடி முன்னதாகவே நடப்போருக்குப் பச்சை காட்டும் முறையும் உண்டு. திரும்பும் வண்டி நகரும்போது நடப்பவர் ஏற்கெனவே கடவையின் நடுவில், கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்படி இருப்பார்.

நடைமேம்பாலமோ சுரங்கப்பாதையோ கட்டிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடாதா?

நகரச் சாலைகளில் பெரும்பாலும் தீராது. வண்டிகள் அடியில் செல்ல 5.5 மீட்டர் இடைவெளி, அதற்கு மேல் பாலத்தின் தடிமன் என்று சேர்த்தால், ஏறத்தாழ 6.5 மீட்டர் ஏற வேண்டும். படிகள் சக்கர நாற்காலிக்கும் மிதிவண்டிக்கும் பயன்படா. 20 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற வசதியான சரிவில் சாய்தளம் கட்டினால் ஒரு பக்கத்துக்கே 130 மீட்டர் நீளும்; 14 மீட்டர் சாலையைக் கடக்க 270 மீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். 12க்கு ஒன்று என்று செங்குத்தாக்கினாலும் பக்கத்துக்கு 78 மீட்டரும் இடையிடையே ஓய்வுத் தளங்களும் வேண்டும். மக்கள் அதைத் தவிர்த்துக் கீழேயே கடக்கிறார்கள். நடப்பவர் மேலே போய்விட்டார் என்ற எண்ணத்தில் வண்டிகள் இன்னும் வேகமாக வருகின்றன.

இருப்புப் பாதை, ஆறு, அதிவேக நெடுஞ்சாலை ஆகியவற்றின் மேல் பாலம் கட்டத்தான் வேண்டும். அப்போது சுமையை யார் ஏற்பது என்று கேட்க வேண்டும். நெதர்லாந்தின் ஐந்தோவன் நகருக்கு அருகே 2012இல் திறக்கப்பட்ட ஹோவன்ரிங், ஒரு பெரிய சாலைச் சந்திப்பின் மேல், 70 மீட்டர் உயரக் கம்பம் ஒன்றிலிருந்து வடங்களால் தொங்கவிடப்பட்ட வட்ட வடிவ மிதிவண்டிப் பாலம். மிதிவண்டிகளுக்கான சரிவு கடினமாகாமல் இருக்க, கீழே உள்ள மோட்டார் சாலைச் சந்திப்பின் தரைமட்டத்தையே இறக்கினார்கள்.

சாலையோரம் வண்ணக் கோடு போட்டு மிதிவண்டித் தடம் ஒதுக்கினால் போதுமா?

வேகம் 30க்குள், வண்டிகள் மிகக் குறைவு என்றால் தனித் தடமே தேவைப்படாமல் போகலாம். போக்குவரத்து அதிகமாகவும் வேகமாகவும் உள்ள சாலையில் கோடு யாரையும் காப்பாற்றாது; உயர்ந்த விளிம்புக்கல், திட்டு, செடிப் பட்டை போன்ற பொருண்மையான பிரிப்பு வேண்டும். நிறுத்திய கார்களுக்கும் ஓடும் வண்டிகளுக்கும் இடையே கோடு போடுவது அனைத்திலும் மோசமான ஏற்பாடு. திடீரென்று திறக்கும் கார்க் கதவு ஏறத்தாழ ஒரு மீட்டர் நீள்கிறது. அதைத் தவிர்க்க ஒதுங்கினால் லாரியின் முன்னே போய் விழ வேண்டும். தடத்தை நடைபாதைக்கும் நிறுத்திய கார்களுக்கும் இடையில் வைத்து, கதவு திறக்கும் அளவுக்கு இடைவெளியும் விட்டால் அதே அகலத்தில் பாதுகாப்பு பன்மடங்காகும்.

தொடர்ச்சியும் முக்கியம். ஸ்பெயினின் செவியா நகரம் 2006க்குப் பின் சில ஆண்டுகளுக்குள்ளாகவே பிரிக்கப்பட்ட தடங்களை ஒன்றோடொன்று இணைந்த வலையமைப்பாகக் கட்டியது. மிதிவண்டிப் பயணங்கள் பல மடங்காயின. நடுநடுவே அறுந்து, கடினமான சந்திப்புகளில் மறைந்துபோகும் தடங்களுக்கு அந்தப் பயன் இராது.

சந்திப்புகளில் லாரி திரும்பும்போது நிகழும் மரணங்களைத் தடுக்க முடியுமா?

பெருமளவு முடியும். நேராகச் செல்லும் மிதிவண்டியும் அதே பக்கம் திரும்பும் லாரியும் அடுத்தடுத்து நிற்பதுதான் இந்த மரணங்களின் வேர். லாரியின் பக்கவாட்டில், ஓட்டுநரின் கண்ணுக்குப் படாத பெரும்பகுதி இருக்கிறது. நெதர்லாந்துச் சந்திப்புகளில் முனைகளில் சிறு திட்டுகள் வைத்து, மிதிவண்டிக் கடவையை ஏறத்தாழ ஒரு கார் நீளம் உள்ளே தள்ளி அமைக்கிறார்கள். வண்டி திரும்பி முடித்து நேராகும் நேரத்தில் மிதிவண்டி அதன் முன் கண்ணாடிக்கு நேரெதிரே வருகிறது. பக்கக் கண்ணாடியை நம்ப வேண்டிய தேவை நீங்குகிறது. பெருஞ்சந்திப்புகளில் இதோடு, நேராகச் செல்லும் மிதிவண்டிக்கும் திரும்பும் வண்டிக்கும் வெவ்வேறு நேரத்தில் பச்சை விழும்படி சிக்னல் கட்டங்களையும் பிரித்துவிட வேண்டும்.

ரவுண்டானா பாதுகாப்பானதா?

சிறிய, ஒரு தடம் மட்டும் கொண்ட ரவுண்டானா பாதுகாப்பானது. சாதாரண நாற்சந்தியில் வண்டிகளின் பாதைகள் ஒன்றோடொன்று மோதக்கூடிய புள்ளிகள் 32. ஒரு தட ரவுண்டானாவில் 8. வேகமும் குறைகிறது. பல தடங்கள் கொண்ட பெரிய ரவுண்டானா மிதிவண்டிக்கு ஆபத்தானது. அங்கே வட்டத்துக்கு வெளியே தனிப் பாதை வேண்டும்.

பாலங்களில் மட்டும் என்ன தனிச் சிக்கல்?

பாலத்தில் ஒதுங்க இடமில்லை. சாலையில் ஆபத்து வந்தால் மண்ணோரத்துக்காவது இறங்கலாம். பாலத்தில் ஒரு பக்கம் வண்டி, மறுபக்கம் வெற்றிடம். மேலும் பாலம் பல பத்தாண்டுகள், சில வேளை நூறாண்டுக்கு மேல் நிற்கும். வரைபடத்தில் ஒரு மீட்டர் குறைத்தால் அந்தக் குறை தலைமுறைகளுக்கும் நீடிக்கும். எனவே இந்தக் கேள்விக்கு விடை சற்று நீளமாகவே இருக்க வேண்டும்.

முதலில் தடுப்பின் இடம். பல பாலங்களில் வலுவான தடுப்பு வெளி விளிம்பில் மட்டும் இருக்கிறது. வண்டி கீழே விழாமல் அது காக்கும். ஆனால் நடைபாதை வண்டிக்கும் அந்தத் தடுப்புக்கும் இடையில் இருப்பதால், கட்டுப்பாடிழந்த வண்டி நடப்பவரைச் சுவரோடு வைத்து நசுக்கும். வேகமான போக்குவரத்துள்ள பாலத்தில் மோதலைத் தாங்கும் தடுப்பு வண்டித் தடத்துக்கும் நடைபாதைக்கும் இடையில் இருக்க வேண்டும். வெளி விளிம்பில் நடப்போருக்கான கைப்பிடி வரிசை இருக்கலாம்.

அடுத்து உயரம். மிதிவண்டியில் அமர்ந்தவரின் உடல் எடையின் மையம் நடப்பவருடையதைவிட உயரத்தில் இருப்பதால், 1.1 மீட்டர் கைப்பிடி அவரைத் தடுக்காமல் மறுபக்கம் கவிழ்த்துவிடக்கூடும். மிதிவண்டி செல்லும் பாலங்களுக்கு 1.4 மீட்டர் உயரம் பல வடிவமைப்பு நெறிகளில் கேட்கப்படுகிறது. ஹேண்டில்பார் உரசும் உயரத்தில் நீட்டிய கம்பங்கள் இல்லாமல் வழுவழுப்பான கிடைச்சட்டம் ஒன்று ஓட வேண்டும்.

அகலத்தில் ஏமாற்றம் எளிது. சுவரை ஒட்டி யாரும் ஓட்டுவதில்லை. ஏறத்தாழ அரை மீட்டர் தள்ளியே ஓட்டுவார்கள். இருபுறமும் கைப்பிடி உள்ள மூன்று மீட்டர்ப் பாதையில் உண்மையில் பயன்படுவது இரண்டு மீட்டர்தான். ஆற்றின் மேல் பக்கக் காற்று வீசும்போது மிதிவண்டி ஆடும் ஆட்டத்துக்கும் அதிலேயே இடம் வேண்டும்.

வெப்பத்தில் பாலம் விரிந்து சுருங்குவதற்காக விடப்படும் இடைவெளிகளான விரிவாக்க இணைப்புகள், காருக்கு ஒரு சத்தம் மட்டுமே. 25 மில்லிமீட்டர் அகல மிதிவண்டி டயருக்கோ கண்ணி. பயண திசைக்கு இணையான இடைவெளிகளும், அப்படிக் கம்பிகள் அமைந்த மழைநீர் வடிகால் மூடிகளும் சக்கரத்தை விழுங்கும். இணைப்பின் மேல் சொரசொரப்பான மூடுதகடு பதிப்பதும், மூடியின் கம்பிகளைக் குறுக்காக வைப்பதும் பெரிய செலவில்லாத வேலைகள். மழையில் நனைந்த வழவழப்பான இரும்புத் தகட்டையும் தவிர்க்க வேண்டும்.

கடைசியாக, பாலத்தின் இரு முனைகள். என் மதிப்பீட்டில் பாலத்தைவிட அதன் முனைகளே ஆபத்தானவை. இறங்கு சரிவில் மிதிவண்டி மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டும். அங்கே கூர்மையான திருப்பமோ, வண்டிகளைத் தடுக்க நட்ட கம்பமோ, வேகமாகப் பிரிந்து செல்லும் கிளைச் சாலையின் குறுக்கே கடவையோ இருந்தால், பாலத்தின் மேல் செய்த நல்ல வேலை அனைத்தும் வீணாகும்.

ஏற்கெனவே கட்டிய குறுகலான பாலத்தில் என்ன செய்யலாம்?

அகலத்தை மறுபங்கீடு செய்யலாம். 1883இல் திறக்கப்பட்ட நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தில் நடப்போரும் மிதிவண்டிகளும் ஒரே மரப்பாதையில் நெருக்கியடித்துச் சென்று வந்தனர். 2021 செப்டம்பரில் கார்த் தடங்களில் ஒன்றை எடுத்துத் தடுப்பு வைத்து மிதிவண்டிகளுக்கு ஒதுக்கினார்கள். தடம் கொடுக்க இயலாத இடத்தில், கட்டமைப்பு தாங்குமா என்று கணக்கிட்டுப் பக்கவாட்டில் நீட்டுத்தளம் சேர்க்கலாம். அல்லது அருகிலேயே தனிப் பாலம் கட்டலாம். எதுவும் கைகூடாவிட்டால் பாலத்தின் வேகத்தையாவது 30க்குக் குறைக்க வேண்டும்.

நடைபாலங்கள் ஆடுவது ஆபத்தா?

மெலிந்த நடைபாலங்களில் இதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். லண்டனின் மில்லேனியம் பாலம் 2000 ஜூன் 10 அன்று திறக்கப்பட்டு, பக்கவாட்டு ஆட்டத்தால் இரண்டே நாளில் மூடப்பட்டது. நடப்பவர்கள் ஆட்டத்துக்கு ஏற்பத் தம் அடிகளை மாற்றிக்கொண்டபோது ஆட்டம் இன்னும் வளர்ந்தது. அதிர்வு தணிப்பான்கள் பொருத்தியபின் 2002 பிப்ரவரியில் மீண்டும் திறந்தார்கள். எடையைத் தாங்கும் வலிமை அதற்கு முன்பும் இருந்தது. விடுபட்டுப்போனது மனித நடையின் தாளம்.

பார்வைக் குறைபாடு உள்ளோருக்கு எவை தேவை?

விளிம்பு எங்கே என்று காலாலும் கோலாலும் அறிய முடிய வேண்டும். சீயீச்சி மியாக்கே வடிவமைத்த தொடுதரை ஓடுகள் 1967இல் ஜப்பானின் ஒகயாமா நகரில் முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. இன்று உலகெங்கும் உள்ளன. அந்த ஓடுகளை மின்கம்பத்தில் கொண்டுபோய் முடிப்பது அவர்களை ஏமாற்றுவதற்குச் சமம். நடைபாதையையும் மிதிவண்டித் தடத்தையும் ஒரே மட்டத்தில் வெறும் வண்ணத்தால் பிரித்தால் அவர்களுக்கு அந்தப் பிரிவே இல்லை. மட்ட வேறுபாடு வேண்டும்.

தடங்களைக் குறைத்தால் நெரிசல் கூடாதா?

பல இடங்களில் எதிர்பார்த்த அளவுக்குக் கூடுவதில்லை. நான்கு தடச் சாலையைத் திசைக்கு ஒன்று, நடுவில் திரும்புவதற்கு ஒன்று என மூன்றாக மாற்றும்போது, திரும்பக் காத்திருக்கும் வண்டி மற்றவரை மறிப்பது நின்றுவிடுகிறது. இத்தகைய மாற்றங்களால் மொத்த விபத்துகள் 19 முதல் 47 விழுக்காடு வரை குறைந்தன என்பது அமெரிக்கக் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகத்தின் கணக்கு.

கட்டி முடித்த பின் எதைக் கண்காணிக்க வேண்டும்?

கட்டும் காலத்திலிருந்தே தொடங்க வேண்டும். பணி நடக்கும்போது வண்டிகளுக்கு மாற்றுத் தடம் அமைத்து, நடப்போரை ஓடும் சாலைக்குள் இறக்கிவிடுவது மிகப் பரவலான தவறு. அவர்களுக்கும் தடுப்பு வைத்த தற்காலிகப் பாதை ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும். திறந்த பின் மிதிவண்டித் தடத்தில் சேரும் மணலும் கண்ணாடித் துண்டும் முறையாக அகற்றப்படவேண்டும், ஏனெனில் வண்டித் தடத்தைப்போல் அது தானாகச் சுத்தமாவதில்லை. விளக்குகள் நடைபாதையின் மேலும் ஒளி வீசுகின்றனவா என்று இரவில் நடந்து பார்க்க வேண்டும். மரணம் நிகழும்வரை காத்திருக்காமல், மயிரிழையில் தப்பிய நிகழ்வுகளை ஒளிப்பதிவு வழியாக எண்ணலாம். வண்டிகளின் வேகத்தைத் திறப்பதற்கு முன்பும் ஆறு மாதம் கழித்தும் அளந்து ஒப்பிட வேண்டும். நூற்றில் 85 வண்டிகள் எந்த வேகத்துக்குள் செல்கின்றன என்பதே பார்க்க வேண்டிய எண். 30 என்று வரைந்த தெருவில் அது 45 என்று வந்தால், தடத்தின் அகலத்தையும் முனைகளின் ஆரத்தையும் மறுபடி வரைய வேண்டும்.